கதை எங்கே பழுதாகிறது: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

கதை சரிவரவில்லை என்று தோன்றினால் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது வசனத்தில்தான். சொல்லை மாற்றுவார்கள், உவமை சேர்ப்பார்கள், "நடை இன்னும் கைக்கு வரேல்லை" என்பார்கள். பழுது அங்கே இருப்பது குறைவு. பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று முடிவெடுக்காமல் விட்டது மூன்றாம் பக்கத்தில் நடைக் குறையாகத் தெரியும். 1993இல் யாழ்ப்பாணத்தில் கரன்ட் இருந்ததா என்று தேடிப் பார்க்காமல் விட்டது "கதை நம்பும்படி இல்லை" என்ற சொல்லாகத் திரும்பி வரும். பக்கக் கணக்குப் போடாமல் அச்சகத்துக்குப் போனது, அடுத்த வருடம் கட்டிலுக்குக் கீழே பெட்டிகளாகக் கிடக்கும். அதனால் இங்கே அறிகுறியில் தொடங்கி, பழுது உண்மையில் எங்கே இருக்கிறது, அதை எப்படிக் கழற்றிப் பார்ப்பது என்று போகிறோம். உங்கள் கதைக்குப் பொருந்தும் பகுதிக்கு நேரே போகலாம்.

அறிகுறி: மூன்றாம் பக்கத்தில் கதை நின்றுவிடுகிறது

தொடக்கம் ஒரே மூச்சில் வந்திருக்கும். முற்றம், வேலிக் கதியால், ஆச்சியின் வெற்றிலைத் தட்டம் எல்லாம் வந்தாயிற்று. பிறகு பேனா நகராது.

ஒரு தனித்தாளில் இந்த வசனத்தை நிரப்பிப் பாருங்கள்: "இன்னாருக்கு இன்றைக்கு இன்னது வேண்டும், இன்னது விடுகுதில்லை." இரண்டு இடத்தில் ஒன்றையாவது நிரப்ப முடியவில்லை என்றால் உங்களிடம் இருப்பது கதைக்கான இடம் மட்டும்தான். 'நிம்மதி வேண்டும்', 'அன்பு வேண்டும்' என்று நிரப்பினாலும் வேலை செய்யாது. அவை ஒரு நாளுக்குள் கிடைத்ததா இல்லையா என்று பார்க்க முடியாத ஆசைகள். "மகள் கனடாவிலிருந்து வர முன், அடைவு வைத்த அவளுடைய சங்கிலியை மீட்டுவிட வேண்டும். அடைவுச் சிட்டு தம்பியின் பெயரில் இருக்கிறது. தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை." இப்படி நிரப்பினால் அடுத்த காட்சி எது என்பது தானாகத் தெரியும்: தம்பி வீட்டுப் படலை.

எழுதிய மூன்று பக்கத்தையும் எறிய வேண்டாம். அதிலுள்ள பொருட்களை வேலைக்கு வையுங்கள். வெற்றிலைத் தட்டத்துக்கு அடியில் அந்தச் சிட்டின் போட்டோக் கொப்பி இருக்கலாம். அழகுக்காக எழுதிய பொருள் பிறகு கதையைத் திருப்பும் பொருளாக மாறுவது நல்ல கதைகளில் அடிக்கடி நடப்பது.

ஆசையும் தடையும் தெளிவாக இருந்தும் எழுத உட்கார்ந்தால் வரவில்லை என்றால், அது வேறு பழுது. நாளொன்றுக்கு 300 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காட்சி முடிந்த இடத்தில் எழும்பாமல், அடுத்த வசனம் என்னவென்று தெரிந்திருக்கும்போதே எழும்புங்கள். மறுநாள் வெற்றுத் தாளில் தொடங்க வேண்டியிராது.

அறிகுறி: முதல் பக்கத்திலேயே வாசகர் இறங்கிவிடுகிறார்

காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். விடியல், சூரியன், கோயில் மணி, குயில் என்று இரண்டு பந்தி போன பிறகே ஏதாவது நடக்கிறது. உங்கள் கதையில் முதன்முதலாக ஏதோ ஒன்று மாறும் வசனத்தைத் தேடிக் கோடிடுங்கள். அதற்கு முன்னுள்ள அனைத்தையும் மூடிவிட்டு, வெளியாள் ஒருவரிடம் அங்கிருந்து வாசிக்கக் கொடுங்கள். அவர் கேள்வி கேட்காமல் வாசித்துப் போனால், மூடிய பகுதி தேவையில்லை. "உந்த மனுசி ஆர்?" என்று கேட்டால் அந்த ஒரு தகவலை மட்டும் உள்ளே சேருங்கள்.

அறிகுறி: எல்லாப் பாத்திரமும் ஒரே குரலில் கதைக்கிறது

உரையாடல் வரிகளில் பெயர்களை மறைத்துவிட்டு வாசியுங்கள். எழுபது வயது ஆச்சியும், கம்பஸில் படிக்கும் பேரனும், கிராம சேவையாளரும் யார் யாரென்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், பேச்சுவழக்கு உங்கள் கதையில் எழுத்துக்கு மேலே பூசிய சாயமாக மட்டும் இருக்கிறது. 'போகிறேன்' என்பதைப் 'போறன்' என்று மாற்றிவிட்டால் யாழ்ப்பாணத் தமிழ் ஆகிவிடும் என்று நினைப்பதால் வருவது இது. பேச்சு என்பது யார், யாரிடம், எவ்வளவு தூரத்தில் நின்று என்பதைப் பற்றியது. அதற்கு நம் வழக்கில் இரண்டு வலுவான கருவிகள் இருக்கின்றன. இரண்டையும் பலர் பயன்படுத்துவதில்லை.

முதலாவது, நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படி. தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் இரண்டுதான் புழங்குகிறது. இங்கே 'நீர்' இன்னும் உயிரோடு இருக்கிறது: கணவன் மனைவியிடம், ஆசிரியர் வளர்ந்த மாணவனிடம், புதிதாகப் பழகும் ஒத்த வயதினர் தமக்குள். 'வா', 'வாரும்', 'வாங்கோ' மூன்றும் மூன்று உறவு. ஆகவே ஒரு பாத்திரம் இன்னொருவரை அழைக்கும் படி மாறினால் அது கதையில் ஒரு நிகழ்ச்சி. இருபது வருடம் மனைவியை 'நீர்' என்று சொன்னவர், காணி வழக்கு நாளில் 'நீங்கள்' என்று கூப்பிட்டால், அதற்குப் பிறகு "அவர் மனத்தில் கசப்பு நிறைந்திருந்தது" என்று எழுத வேண்டிய தேவையே இல்லை. பாத்திரங்களை ஒரு கட்டத்தில் போட்டு, இவர் அவரை எப்படி அழைப்பார், அவர் இவரை எப்படி அழைப்பார் என்று முன்கூட்டியே நிரப்பி வையுங்கள். ஐந்து பாத்திரம் என்றால் இருபது பெட்டி. அரை மணித்தியால வேலை. நாவல் முழுக்கக் கைகொடுக்கும்.

இரண்டாவது, உகரச் சுட்டு. 'உந்த', 'உது', 'உங்கை', 'உவன்'. கேட்பவருக்குக் கிட்ட இருப்பதை, அவர் கண்ணுக்குப் படுவதைக் காட்டுவது இது. இதைச் சரியாக வைத்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று விவரிக்காமலே காட்சி தெரியும். இதைப் பாருங்கள்:

"நீ எங்கே போகிறாய்?" என்று தாய் கேட்டாள்.
"நான் கடைக்குப் போகிறேன்" என்று அவன் பதிலளித்தான்.
"இந்தப் பழைய சட்டையை அணிந்துகொண்டா போகிறாய்?" என்று அவள் வினவினாள்.

இது இப்படி வரலாம்:

"எங்கை வெளிக்கிட்டிட்டாய்?"
"கடைக்கு."
"உந்தச் சேட்டோடையோ?"

'உந்த' என்ற ஒரு சொல், தாய் தள்ளி நிற்கிறாள், சேட்டு அவனுடைய உடம்பில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டது. 'பழைய' என்பதை அவளுடைய கேள்வியே சொல்கிறது. 'வினவினாள்' போன்ற சொற்களும் தேவையில்லை. யார் பேசுகிறார் என்று குழப்பம் வரும் இடத்தில் 'என்றாள்' போதும்.

தலைமுறையையும் பாருங்கள். முதியவர் 'அண்ணை' என்பார், இளையவர் 'அண்ணா' என்பார். ஆச்சி தன் தாயை 'எணை' போட்டுக் கூப்பிட்டிருப்பா. பேத்தி வாயில் அது வராது. இருபது வயதுப் பெடியனை எண்பதுகளின் நாடகத் தமிழில் கதைக்க வைப்பது இன்றைய கதைகளில் நாம் அதிகம் காணும் பழுது. வடமராட்சி, தீவகம், வலிகாமம் எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சு என்றும் நினைக்க வேண்டாம். உங்கள் பாத்திரத்தின் ஊர்க்காரர் ஒருவரிடம் உரையாடலை மட்டும் உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் நாக்கு எங்கே தடக்குப்படுகிறதோ அங்கே திருத்தம்.

கடைசியாக, எழுத்துக்கூட்டல். 'எங்கை' என்று ஒருதரம், 'எங்க' என்று ஒருதரம் எழுதினால் வாசகர் அதைப் பாத்திர வேறுபாடாக எடுத்துக்கொள்வார். ஒரு பக்கத்தில் உங்கள் முடிவுகளை எழுதி ஒட்டுங்கள்: எங்கை, பேந்து, கெதியா, பொலிஸ், றோட்டு, சைக்கிள். தமிழ்நாட்டு வாசகருக்காக ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் போட வேண்டியதில்லை. "குசினிக்குள்ளே போய் அடுப்பை மூட்டினாள்" என்றால் குசினி எதுவென்று வசனமே சொல்லிவிடும்.

அறிகுறி: கனமான விடயத்தை எழுதியும் வாசகர் அசையவில்லை

யுத்தம், இடப்பெயர்வு, காணாமற்போனோர் பற்றி எழுதும் கைகளுக்குத்தான் இது அதிகம் வருகிறது. காரணம், எழுதுபவருக்கு அந்தத் துயரம் முழுதாகத் தெரியும். அதனால் முழுவதையும் ஒரே வசனத்தில் சொல்ல முயல்கிறார்: "மக்கள் பட்ட வேதனை வார்த்தைகளுக்குள் அடங்காது." வாசகர் இதற்குத் தலையாட்டுவார், ஆனால் அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

திருத்தும் முறை: பந்தியில் 'மக்கள்', 'துயரம்', 'வேதனை', 'கொடுமை', 'சொல்லொணா' ஆகியவற்றை வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் பதிலாக ஒரு ஆள், ஒரு பொருள், ஒரு கேள்வி. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பக்கம் நகர்ந்ததை எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். சைக்கிள் கரியரில் தையல் மெசினின் மேற்பகுதி மட்டும் கட்டியிருக்கிறது. காலும் மிதியும் வீட்டோடு. பாலத்தடியில் சனம் நகராமல் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் கேட்கிறார்: "உதை ஏன் பிள்ளை காவிறாய்?" அவள், "நாளைக்கு வேணும்" என்கிறாள். இவ்வளவும் போதும். நாளைக்கே திரும்பிவிடலாம் என்று அவள் நினைக்கிறாளா, போகிற இடத்தில் தைத்துச் சீவிக்க நினைக்கிறாளா என்பதை வாசகர் தானே எடுத்துக்கொள்வார். விளக்க வசனம் ஒன்றைப் பின்னால் சேர்க்கும் ஆசை வரும். சேர்க்காதீர்கள்.

நீங்கள் நேரில் கண்டிராத நிகழ்வென்றால், கண்டவரிடம் "எப்பிடி இருந்தது?" என்று கேட்க வேண்டாம், அதற்குக் கிடைப்பது 'சொல்ல ஏலாது' என்ற பதில். "என்னத்தைக் கொண்டு போனியள்? எதை விட்டிட்டுப் போனியள்? முதல் சாப்பாடு எங்கை?" என்று கேளுங்கள். சொன்னவரின் வாழ்க்கையை அப்படியே பெயரோடு எழுதாமல், அவர் இன்னாரென்று ஊர் கண்டுபிடிக்காதபடி மாற்றுவதும் உங்கள் பொறுப்பு. சிறிய ஊரில் ஒரு தெருவின் பெயர் போதும், ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

அறிகுறி: "அந்தக் காலத்திலை அப்பிடி இல்லை" என்று ஒருவர் எழும்பிச் சொல்கிறார்

வெளியீட்டு விழாவில் இது நடந்தால் திருத்த வழியில்லை, அச்சாகிவிட்டது. கையெழுத்துப் பிரதியிலேயே பிடியுங்கள். குடாநாட்டுக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் காலப் பிழைகள் இவை:

மின்சாரம். 1990களின் முதற் பாதியில் நடக்கும் கதையில் மின்விசிறி சுழலக்கூடாது. குப்பி விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்கும் வானொலி, மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள், இவைதான் அந்தக் காலத்தின் பொருட்கள்.

பயணம். யாழ்தேவி ரயில் 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்று, 2014 ஒக்ரோபரில்தான் மீண்டும் வந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002 போர்நிறுத்தத்தோடு திறந்து, 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. 1997இல் உங்கள் பாத்திரம் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறிக் கொழும்பில் இறங்க முடியாது. பலாலியிலிருந்து விமானம், அல்லது திருகோணமலைக்குக் கப்பல். அனுமதிக்காகக் காத்திருந்த நாட்களையும் சேர்த்தால் உங்கள் கதையின் கால அளவே மாறும்.

நேரம். இதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1996 மே மாதம் இலங்கையின் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போனது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்தது. 2006 ஏப்ரலில் பழையபடி ஆனது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. ஆகவே 1999இல் யாழ்ப்பாணத்து மணிக்கூடும் வன்னி மணிக்கூடும் அரை மணித்தியாலம் வேறுபட்டவை. இது பிழையைத் தவிர்க்கும் தகவல் மட்டுமில்லை, ஒரு கதைக்கான விதையும்கூட.

பருவம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஆடி ஆவணியை ஒட்டியவை. அந்தக் காட்சியில் விடாத மாரி மழையைப் பெய்ய வைக்காதீர்கள். பனம்பழம் விழும் காலமும் அதுதான். மாரியில் நடக்கும் காட்சியில் பனம்பழ வாசம் வரக்கூடாது.

சரிபார்க்கும் வழி நம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. கதை நடக்கும் மாதத்தின் பத்திரிகை அங்கே கிடைத்தால், செய்தியை விட விளம்பரத்தையும் மரண அறிவித்தலையும் வாசியுங்கள். எந்தக் கடை திறந்திருந்தது, சாமான் என்ன விலை, ஆட்கள் எந்த முகவரியில் தற்காலிகமாக இருந்தார்கள் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும்.

அறிகுறி: நாவல் நடுவில் தொய்கிறது

ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, எழுதிய ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி எழுதுங்கள். நான்கு நிரல்: யாருக்கு என்ன வேண்டும், யார் தடுத்தார், முடிவில் என்ன மாறியது, என்ன திகதி. மூன்றாவது நிரலில் 'ஒன்றும் மாறவில்லை' என்று வரும் காட்சிகள் அடுத்தடுத்து மூன்று இருந்தால் தொய்வு அங்கேதான் தொடங்குகிறது. மூன்றையும் ஒன்றாக்குங்கள், அல்லது ஒன்றில் எதையாவது இழக்க வையுங்கள்.

நான்காவது நிரலைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். முதலாம் அத்தியாயத்தில் கர்ப்பமாக இருந்தவள் ஒன்பதாம் அத்தியாயத்திலும் அதே மாதத்தில் இருப்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: சஞ்சிகைக்கு அனுப்பினால் பதில் இல்லை, அல்லது எழுத்துக் குழம்பி வருகிறது

முதலில் எழுத்துரு. இங்கே பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்யும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கதை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் திறக்கும். அரைப்புள்ளி ஏன் அவ்வளவு வருகிறது என்றால், பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரிய விசை அதுதான். எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும் யுனிகோட்டுக்கு மாற்றி அனுப்புங்கள். மாற்றும்போது இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாக மாறியிருக்கும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

யுனிகோட்டிலும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் உண்டு. துணைக்காலும் 'ர'வும் சில எழுத்துருவில் ஒன்றுபோலத் தெரியும். 'கௌரி' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' போட்டு 'கெளரி' என்று அடித்திருப்பார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. தேடி மாற்றும்போது 'எல்லாவற்றையும் மாற்று' என்பதை அழுத்தாதீர்கள். உங்கள் கதையில் கெளிறு மீன் வந்தால் அது சிதைந்துபோகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

பிறகு அளவும் பொருத்தமும். 2000இல் தொடங்கிய ஞானம், அல்வாயிலிருந்து 2007இல் தொடங்கிய ஜீவநதி போன்ற சஞ்சிகைகளுக்கும் பத்திரிகைகளின் வாரமலர்களுக்கும் ஒரே கதை பொருந்தாது. வாரமலரில் ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். அனுப்ப முன் அந்த இதழின் கடைசி மூன்று பிரதிகளை வாங்கி, அதில் வந்த கதைகளின் சொல்லை எண்ணிப் பாருங்கள். வாங்காமலே அனுப்புகிறவர்களின் கதை ஆசிரியருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மின்னஞ்சலில் நான்கு வரி போதும்: தலைப்பு, சொல் எண்ணிக்கை, வேறெங்கும் வெளிவரவில்லை என்ற உறுதி, உங்கள் தொடர்பு. முகநூலில் போட்ட கதையைச் சில ஆசிரியர்கள் வெளிவந்ததாகவே கொள்வார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று மாதம் பொறுத்து ஒருதரம் பணிவாக விசாரியுங்கள். பதில் இல்லையென்றால், "இக்கதையை மீளப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிய பிறகு வேறிடத்துக்கு அனுப்புங்கள். ஒரே கதை ஒரே மாதத்தில் இரண்டு இதழில் வந்தால் இரண்டு கதவும் மூடிவிடும். சன்மானத்தை நம்பித் திட்டமிட வேண்டாம். பல சிற்றிதழ்கள் பிரதி மட்டுமே தரும்.

அறிகுறி: புத்தகம் அச்சாகிவிட்டது, பெட்டி நகரவில்லை

விற்பனைப் பழுதாகத் தெரிவது பெரும்பாலும் அச்சகத்துக்குப் போன அன்றைய கணக்குப் பழுது. மூன்று கணக்கைப் போட்டுவிட்டுப் போங்கள்.

பக்கம். டெமி எட்டில் ஒன்று என்ற வழமையான கதைப் புத்தக அளவில், 11 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 220 தமிழ்ச் சொல் வரும். பத்துக் கதை, மொத்தம் 20,000 சொல் என்றால் 91 பக்கம். ஒவ்வொரு கதையின் தலைப்பு இடைவெளிக்கும் இறுதி வெறுமைக்கும் ஒரு 8 பக்கம். உள் அட்டை, பதிப்பு விபரம், சமர்ப்பணம், பொருளடக்கம், அணிந்துரை, என்னுரை என்று 10. மொத்தம் 109. ஒப்செற் அச்சில் ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். ஏழு ஃபாரத்துக்கு 112. அழகாக அடங்கும். இதே புத்தகம் 114 வந்தால் எட்டாவது ஃபாரம் தொடங்கும், அல்லது துண்டு ஃபாரத்துக்குத் தனிக்கூலி கேட்பார்கள். அணிந்துரையில் இரண்டு பக்கம் குறைப்பது அந்த நேரத்தில் உண்மையான பணம். டிஜிட்டல் அச்சில் இந்த நெருக்கடி இல்லை. 100, 150 பிரதிக்கு அதுவே பொருந்தும்.

விலை. கணக்குக்காக, 200 பிரதி, ஒன்றுக்குச் செலவு 500 ரூபாய், மொத்தம் 1,00,000 என்று வையுங்கள். அன்பளிப்பு, விமர்சனம், அணிந்துரைக்காரர் என்று 40 போகும். மீதி 160இல் விழாவில் 60, கடையில் 100. விலை 800 என்று போட்டால் விழாவில் 48,000. கடைக்கு 35 சதவீதக் கழிவு போக 52,000. மண்டபம், தேநீர், அழைப்பிதழ் 20,000 கழித்தால் கையில் 80,000. கடைசிப் பிரதி வரை விற்றும் 20,000 நட்டம். விலை 1,000 என்றால் 60,000, 65,000, செலவு கழித்து 1,05,000. ஆகவே செலவின் இரட்டிப்புக்குக் கீழே விலை வைப்பது உங்கள் பையிலிருந்து கொடுப்பது. விழாவில் உறவினர் விலைக்கு மேலாக உறையில் வைத்துத் தரும் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டாம் புத்தகத்துக்கு அது அதேயளவு வராது.

எண்ணிக்கை. முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று மேடையில் கொடுப்பதை வைத்து மதிப்பிட வேண்டாம். அச்சுக்கு முன், வாங்குவதாகச் சொன்னவர்களின் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். பெயர் எழுதக்கூடியவர்களின் இரண்டு மடங்குக்கு மேல் முதலில் அடிக்க வேண்டாம். கோப்பு உங்களிடம் இருந்தால் மீண்டும் அடிக்கலாம். அச்சகத்திலிருந்து இறுதிக் கோப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள், பலர் இதைக் கேட்பதே இல்லை.

வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் எடை பாருங்கள். 70 கிராம் தாளில் 112 பக்கப் புத்தகம் 135 முதல் 140 கிராம் வரை இருக்கும். ஊருக்கு வந்து திரும்பும் ஒருவரின் பெட்டியில் 20 புத்தகம் மூன்று கிலோவுக்குள் போய்விடும்.

ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேசப் புத்தக இலக்கத்தை, கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம், அட்டை வடிவமைக்க முன்னரே பெறுங்கள். இலங்கை இலக்கம் 955 அல்லது 624 என்ற எண்ணைக் கொண்டிருக்கும். அட்டை அடித்த பிறகு ஸ்ரிக்கர் ஒட்டிய புத்தகங்களைக் கடைகளில் காணலாம். அது தேவையில்லாத வேலை.

அறிகுறி: பதிப்பகம் போட்டது, ஆனால் உங்கள் கதையே உங்களிடம் இல்லை

சென்னைப் பதிப்பகம் ஒன்று ஏற்றுக்கொண்டது என்ற மகிழ்ச்சியில் கையெழுத்து வைத்துவிட்டு, பிறகு மின்னூல், மொழிபெயர்ப்பு, மறுபதிப்பு எதையும் தொட முடியாமல் இருப்பவர்கள் உண்டு. ஒப்பந்தத்தில் இவற்றைத் தேடுங்கள்: எத்தனை வருடம், எந்த நாடுகள், எந்த வடிவம், எத்தனை ஆசிரியர் பிரதி, உரிமத்தொகை எதன் மேல். 10 சதவீதம் என்பது அட்டை விலையிலா, கழிவு போன விலையிலா என்பது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய உடனேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு தேவையில்லை, உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 வருடம் இருக்கும். இந்தியச் சட்டத்தில் அது 60 வருடம். அங்கே உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. ஆகவே 'எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுவதும், எல்லா வடிவத்திலும்' என்று எழுதியிருந்தால் அது வழமையான வாசகம் என்று விட்டுவிடாதீர்கள். சட்டம் உங்களுக்குத் தந்திருந்த பாதுகாப்பை அந்த வரி எடுத்துவிடுகிறது. அதை வெட்டி, 'ஐந்து வருடம், அச்சு நூல் மட்டும், இந்தியாவில்' என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். கூடவே ஒரு வரி சேருங்கள்: பிரதிகள் தீர்ந்து, எழுத்தில் அறிவித்து ஆறு மாதத்துக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும். திருத்தத்துக்கு ஒத்துவராதவர்கள் சிலர் இருப்பார்கள். கேட்டதற்காகவே புத்தகத்தை மறுப்பவர்கள் மிகக் குறைவு.